அமெரிக்கக் காரும் ஐரோப்பிய வீதியும்



நோர்வே நாட்டிலே குடியேறி வாழும் எனது பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடைகாலத்தில் எனக்கொரு கடிதம் வரைந்திருந்தார். குடும்பச் செய்திகளையும் குளிரின் கொடுமையையும் எழுதியபின், ஈற்றில் ஒரு வினாவை விடுத்திருந்தார். “சேர், இந்நாட்டிலே பெற்றோல் விலை மிக அதிகம். வீதிகள் ஒடுங்கியும் வளைந்தும் கிடக்கின்றன. ஆண்டின் பாதி பனியிலே போய்விடுகிறது. அப்படியிருந்தும் கோடை மாலைகளில் எங்கள் பட்டினத்துக் கடைத்தெரு வழியே, ஐம்பது அறுபது ஆண்டு பழைமையான அமெரிக்கக் கார்கள் நிரை நிரையாக ஊர்ந்து செல்கின்றன. ஓட்டிச் செல்வோர் பணக்காரர் அல்லர். தச்சரும் லொறிச் சாரதிகளும் இரும்பு ஒட்டுவோருமே. இந்த மோகம் இவர்களுக்கு எப்படி வந்தது?”

இம்மாணவர் 1990களின் முற்பகுதியில் என்னிடம் வரலாறு படித்தவர். படித்தவர் என்பதிலும், வகுப்பில் இருந்தவர் என்பதே பொருந்தும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. தந்தையார் வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் காரைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடச் செய்யும் வித்தையை அவர் பதினைந்து வயதிலேயே கற்றிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வகுப்புக்கு வருவார். புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியனாகிய நான், “இந்தக் கையால் கொப்பியைத் தொடாதே” என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அச்சொல் இன்றும் என் மனத்தை உறுத்துவதுண்டு. எஞ்சினைப் பற்றி அவருக்கு நான் எடுத்துரைப்பது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதாகவே முடியும். ஆனால் அவர் கேட்டது எஞ்சினைப் பற்றியன்று, மனிதரைப் பற்றி. ஆதலால் அவ்வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்தக் கார் எத்தகையது என்று பார்ப்போம். அமெரிக்கர் அதனை ‘மஸில் கார்’ என்பர். தசை முறுக்கேறிய கார் என்பது பொருள். நடுத்தர அளவான, அதிக விலையற்ற ஒரு குடும்பக் காரின் உடலிலே, மிகப் பெரிய காருக்கென ஆக்கப்பட்ட எஞ்சினைப் பொருத்திவிட்டால் கிடைப்பதே அது. 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரையே இவ்வினத்தின் தலைப்பிள்ளையாகப் பலரும் கொள்வர். நடுத்தரக் கார்களிலே இத்தனை பெரிய எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் மேலிடம் அப்போது வரம்பு விதித்திருந்தது. பொன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் அவருடைய தோழர்களும் அவ்வரம்பை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சினைத் தனிக் காராக அறிவியாமல், விரும்பியவர் 295 டொலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறத்தக்க ஒரு மேலதிகச் சாமானாக விலைப்பட்டியலிலே சேர்த்துவிட்டார்கள். ஐயாயிரம் கார் விற்றாலே போதும் என்று எண்ணியிருந்த இடத்தில், அவ்வாண்டிலே விற்றவை 32,450.

அதன் எஞ்சின் 6.4 லீற்றர் கொள்ளளவுடையது. பின்னர் கிறைஸ்லர் கம்பனி ‘ஹெமி’ என்ற பெயரோடு வீதிக் கார்களிலே பொருத்திய எஞ்சினோ ஏறத்தாழ 7 லீற்றர். இவ்வளவுகள் செவிக்கு வெறும் எண்களாகவே படக்கூடும். ஆகையால் ஓர் ஒப்புமை சொல்கிறேன். அந்த ஹெமி எஞ்சினில் எட்டு உருளைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 870 கன சென்ரிமீற்றர். 1959இல் வெளிவந்த ‘மினி’ காரின் முழு எஞ்சினுமே 848தான். நம்மவர்க்கு நெடுநாட் பழக்கமான மொரிஸ் மைனருக்கு 1952இல் பொருத்தப்பட்ட எஞ்சின் 803. நால்வரை ஏற்றிக்கொண்டு பரந்தனுக்குப் போய் மீளும் ஒரு முழுக் காரின் வலிமை, அந்த அமெரிக்கக் காரின் ஓர் உருளைக்குள் அடங்கிவிடுகிறது!

ஐரோப்பியக் கார்கள் அவ்வாறு சிறுத்திருந்ததற்கு அறிவுக் குறைவோ தொழிற்றிறமைக் குறைவோ காரணமன்று. வரியே பெருங் காரணம். பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டு வரையில் எஞ்சின் உருளையின் விட்டத்தைக் கணக்கிட்டே காருக்கு வரி விதித்தார்கள். விட்டம் பெருகினால் வரியும் பெருகும். பிரான்சு 1956 முதல் பெரிய எஞ்சின் உடைய கார்களை வருடாந்த வரியால் வாட்டியது. ஜேர்மனியும் கொள்ளளவை அளந்தே வரி அறவிட்டது. போரினாலே இடிந்த நாடுகள். எண்ணெயோ கடல் கடந்து வரவேண்டியது. நகர்களின் நடுவே கிடந்தவை குதிரை வண்டிக் காலத்துத் தெருக்கள். 1957இல் இத்தாலி தந்த ‘பியற் 500’ காரின் எஞ்சின் அரை லீற்றரும் நிரம்பாதது. சிக்கனத்தை அழகாக்கிக் காட்டிய அருஞ்செயல் அது. ஆயினும் சிக்கனமாக வாழ்ந்தவனுக்குக் கனவும் சிக்கனமாகவே வரும் என்று யார் சொன்னார்?

அக்கனவை அவர்களுடைய வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அமெரிக்கப் போர்வீரர்கள். மேற்கு ஜேர்மனியிலே பல்லாண்டு தங்கியிருந்த அப்படையினர் தங்கள் சொந்தக் கார்களையும் கப்பலிலே கொண்டுவந்தனர். ராம்ஸ்டைன், வீஸ்பாடன் முதலிய இடங்களிலே, தகப்பனாரின் சிறு காரின் பின்னிருக்கையில் முழங்காலை மடக்கியிருந்த சிறுவன், பக்கத்திலே ஒரு செவர்லே கார் பாய்மரக் கப்பல்போல அசைந்து செல்வதைக் கண்டான். இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பெட்போர்ட்ஷயர் மாவட்டத்துப் பொடிங்டன் என்னுமிடத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய ஓடுபாதை ஒன்று வெறிதே கிடந்தது. 1966இல் அதனைச் சாந்தா பொட் என்ற பெயரோடு, கால் மைல் நேர்ப்பாதையில் இரு கார்களை ஓடவிட்டு வேகம் பார்க்கும் போட்டிக்கு ஏற்ற களமாக்கினார்கள். ஐரோப்பாவில் இவ்வகைப் போட்டிக்கென அமைந்த முதலாவது நிரந்தரக் களம் அதுவே.

அதற்கும் முன்னரே ஆங்கிலேயர் ஒரு பாடம் பெற்றிருந்தனர். அவர்களுடைய சலூன் கார்ப் பந்தயங்களிலே ஜாகுவார் கார்களை வெல்ல ஆளில்லை என்றிருந்த காலம். 1963 மே மாதத்தில் சில்வர்ஸ்டோன் களத்திலே ஜாக் சியர்ஸ் என்ற பந்தய வீரர், 7 லீற்றர் எஞ்சின் உடைய போர்ட் கலக்ஸி என்னும் காரோடு வந்தார். பார்த்தவர்கள் அது திரும்புமா என்று ஐயுற்றிருக்க வேண்டும். அத்துணைப் பெரிய உடல். அன்று ஜாகுவார்கள் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

1964 ஏப்ரில் 17ஆம் நாள் நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே அறிமுகமான போர்ட் மஸ்டாங், இவ்வினத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். ஜேர்மனியில் அதற்கு அதன் பெயரே மறுக்கப்பட்டது. ‘மஸ்டாங்’ என்ற பெயரைக் குறுப் கம்பனி தன் லொறிக்கெனப் பதிந்து வைத்திருந்தமையால், அந்நாட்டிலே அது ‘டி-5’ என்ற வறட்டுப் பெயரோடு 1970களின் இறுதிவரை விற்கப்பட்டது. காட்டுக் குதிரையின் பெயர் பூண்ட காரை இலக்கமிட்டு அழைத்தபோதிலும் அதனை விரும்பினார்கள் என்றால், விருப்பம் பெயரில் இல்லை என்பது வெளிப்படை. பெயரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. பொன்டியாக் காருக்குச் சூட்டிய ஜி.டி.ஓ. என்னும் மூன்றெழுத்தும் இத்தாலிய பெராரியிடமிருந்து எடுத்தாண்டவை. ஐரோப்பியன் அமெரிக்கக் காரைக் கண்டு ஏங்கிய அதே காலத்தில், அமெரிக்கன் ஐரோப்பியப் பெயருக்கு ஏங்கியிருக்கிறான்.

ஐரோப்பியச் செல்வர் இதனை வேறு வழியால் அடைந்தனர். உடலை உள்நாட்டில் அழகாகச் செய்து, எஞ்சினை மட்டும் அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது அவர்களுடைய முறை. பிரான்சின் பசெல் வேகா கார்களிலும், 1966இல் வந்த இங்கிலாந்தின் ஜென்சன் இன்ரர்செப்ரரிலும் கிறைஸ்லர் எஞ்சின். இத்தாலியின் இசோ கிரிபோவிலே செவர்லே எஞ்சின். எழுத்தாளர் அல்பேர் கமுயூ 1960 ஜனவரி 4ஆம் நாள் உயிர்துறந்த விபத்திலே மரத்தில் மோதியது ஒரு பசெல் வேகாதான். இவை சீமான்களின் கதை. என் மாணவர் கேட்ட தச்சரின் கதைக்கு நாம் சுவீடனுக்குப் போகவேண்டும்.

சுவீடன் போரிலே சேராத நாடு. அதன் ஆலைகள் இடியவில்லை. 1950களில் தொழிலாளரின் கூலி உயர்ந்தது. அமெரிக்கக் கார்கள் அங்கே கணிசமாக இறக்குமதியாகின. முதலில் வாங்கியவர் வைத்தியரும் வணிகரும். சில ஆண்டுகளில் அவர்கள் புதிய காருக்கு மாற, பெற்றோலை அள்ளிக் குடிக்கும் பழைய பெருங் காரை வாங்குவாரின்றி விலை சரிந்தது. ஆலையிலே வேலைசெய்த பதினெட்டு இருபது வயது இளைஞர் நாலுபேர் சேர்ந்து பணம் போட்டால் ஒன்றை வாங்கிவிடலாம். ஊருக்குள்ளே வாசகசாலை வயோதிபருக்கு, தேவாலயம் பெற்றோருக்கு, இருப்பிடமோ ஒடுங்கிய தொடர்மாடி வீடு. காரின் முன்னும் பின்னும் கிடந்த இரண்டு நீண்ட ஆசனங்களே அவர்களுக்குக் கூடமாயின. மாலையிலே நகரைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு, பாட்டை உரக்க வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இவர்களை ‘ரகாரெ’ என்று சுவீடன் மக்கள் அழைத்தனர். வீதியிலே பெண்களைத் தம் காரில் ஏறும்படி அழைத்துத் திரிவோர் என்பது சொல்லின் பொருள், மரியாதையான சொல்லன்று. 1959இல் இப்பெயரோடு ஒரு திரைப்படமே வெளிவந்து பெற்றோரை அச்சுறுத்தியது. பத்திரிகைகள் கண்டித்தன, பொலிசார் துரத்தினர், கற்றோர் அவர்களைக் கல்லாத கூட்டமென்று இகழ்ந்தனர். அக்கண்டனங்களிலே சில நியாயமானவையே. குடியும் கலகமும் இல்லாமலில்லை. ஆனால் இகழ்ச்சியின் அடியிலே வேறொன்றும் இருந்தது. கையால் உழைப்பவன் தனக்கு மேற்பட்டவனின் பொருளை ஏறி ஓட்டுகிறானே என்ற எரிச்சல் அது. இதனை நான் நூலிலே படித்து அறியவேண்டியதில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையைக் கண்டு முகஞ்சுளித்தவன் நானுமாகையால்.

ஸ்டொக்ஹோமுக்கு மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில், மின்னியந்திரத் தொழிற்சாலைகளாலே வளர்ந்த வெஸ்டெரோஸ் என்னும் நகரம் இருக்கிறது. 1978இல் அங்கே அமெரிக்கக் கார் வைத்திருப்போரின் கூட்டம் ஒன்று தொடங்கியது. பின்னாளில் கோடைதோறும் ஆயிரக்கணக்கான கார்கள் திரண்டு, உலகின் மிகப் பெரிய அமெரிக்கக் கார்ச் சந்திப்புகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. கண்ணாடிபோல் துலக்கிய கார்களோடு, துருவேறி வர்ணம் உதிர்ந்த கார்களும் சமமாக நின்றது அதன் சிறப்பு. அமெரிக்காவில் எஞ்சியிருப்பதிலும் கூடுதலான பழைய அமெரிக்கக் கார்கள் தங்களிடமே உள்ளன என்று சுவீடன்காரர் பெருமை பேசுவதுண்டு. அது சற்று மிகை என்றே நினைக்கிறேன். ஆயினும் கலிபோர்னியா, அரிசோனா முதலிய வறண்ட மாநிலங்களிலே துருப்பிடிக்காமல் கிடந்த கார்களைத் தேடி வாங்கிக் கப்பலேற்றுவது அங்கே ஒரு வணிகமாகவே நடந்துவந்திருக்கிறது.

சுவீடனுக்கு இன்னொரு வசதியும் வாய்த்தது. 1967 செப்ரெம்பர் 3ஆம் நாள் வரையில் நம்மைப்போல அவர்களும் வீதியின் இடப்பக்கமாகவே கார் ஓட்டினர்; அன்று அதிகாலையில்தான் நாடு முழுவதும் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னிருந்தே அங்குள்ள கார்களிற் பெரும்பாலானவற்றில் சுக்கான் இடப்புறத்திலேயே இருந்தது! அமெரிக்கக் காரை அவர்கள் அப்படியே ஓட்டலாம், மாற்றவேண்டியது ஒன்றுமில்லை. போர்ட் கம்பனி மஸ்டாங்கை வலப்புறச் சுக்கானோடு தன் ஆலையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பியது 2015இலேதான்.

இனி அந்த ஒலி. இக்கார்களை விரும்புவோரிடம் காரணம் கேட்டால், முதலில் ஒலியைப் பற்றியே பேசத் தொடங்குவர். எட்டு உருளைகளும் இரு வரிசையாக, ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் நான்குமாகச் சாய்ந்து நிற்கின்றன. மொத்தத்திலே பார்த்தால் அவை சீரான கால இடைவெளியிலேயே வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நான்கை மட்டும் தனித்துக் கேட்டால், இரண்டு அடுத்தடுத்து வெடிப்பதும், பின் ஓர் இடைவெளி விழுவதுமாக ஒழுங்கு குலைந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக்குழாய் வைத்த காரிலே அக்குலைவு அப்படியே வெளிவந்து, குமுறலாகக் கேட்கிறது. தாளம் தவறாமலே அடியை முன்னும் பின்னுமாக விழச்செய்யும் தவிற்காரரின் கைவண்ணத்தை நினைத்துக்கொண்டால் நேயர்கள் ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்வினத்தின் பொற்காலம் நீடிக்கவில்லை. 1970இல் அமெரிக்கா இயற்றிய வளித் தூய்மைச் சட்டமும், இளைஞர் மீது காப்புறுதிக் கம்பனிகள் ஏற்றிய கட்டணமும் முதலிலே அதனைத் தளரச் செய்தன. 1973 ஒக்ரோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடி வீழ்த்திவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜேர்மனியில் தனியார் கார்கள் ஓடவே தடை. நெடுஞ்சாலைகளிலே மக்கள் நடந்து திரிந்தனர். நூறு கிலோமீற்றருக்கு இருபது லீற்றருக்கு மேல் குடிக்கும் காரை அந்நாளில் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கத் தயங்குவர். தயங்காதவர்களும் சிலர் இருந்தனர். இன்று ஐரோப்பாவில் அக்கார்கள் மிஞ்சியிருப்பது அவர்களாலேதான்.

மிஞ்சியதற்கு இயந்திரத்தின் எளிமையும் காரணம். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் கை எட்டும். செவர்லே 1955ஆம் ஆண்டு மாதிரியிலே கொண்டுவந்த சிறிய வகை எட்டுருளை எஞ்சின் கோடிக்கணக்கிலே செய்யப்பட்டமையால், ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். அவ்வுறுப்புகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஈயம் கலந்த பெற்றோல் ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றபோது, வால்வு அமரும் இடங்களிலே கடினமான வளையங்களைப் பொருத்தி அதற்கும் வழிகண்டார்கள். பனிகாலம் முழுவதும் கொட்டகையிலே கழற்றிப் பூட்டுவதும், கோடையிலே ஓட்டுவதுமாக ஓராண்டு சுற்றுகிறது. தகப்பன் விளக்குப் பிடிக்க மகன் திருகாணியை முடுக்குகிறான். ஆண்டுகள் செல்ல, மகன் விளக்குப் பிடிக்கிறான்.

இவ்விடத்தில் மறைக்கலாகாத ஒரு குறையையும் கூறவேண்டும். ரகாரெ இளைஞர் பலர் தம் கார்களிலே அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய போர்க்கொடியைப் பறக்கவிட்டனர். 1861 முதல் 1865 வரை, அடிமை முறையை நிலைநிறுத்த முனைந்த மாநிலங்கள் ஏந்திய கொடி அது. 1979இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலே, அக்கொடியைக் கூரையில் வரைந்த டொட்ஜ் சார்ஜர் கார் ஒன்று பாய்ந்து திரிந்ததும் அதனைப் பரப்பியது. எங்களுக்கு அது கலகத்தின் அடையாளம், வேறொன்றுமில்லை என்று அவர்கள் கூறினர். அவ்வாறே கருதியும் இருப்பர். ஆனால் கொடியின் வரலாற்றைக் கொடியிலிருந்து கழற்றிவிட முடியாது. திருகாணி போட்டுப் பூட்டியதன்று அது. பிறநாட்டுக் காரை இரவல் வாங்கியவர் அதன் எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் படித்தனர். கொடியை மட்டும் படியாமலே ஏந்தினர். வரலாற்றாசிரியனாகிய எனக்கு இது வருத்தந் தருகிறது.

புகையைப் பற்றிய முறைப்பாடும் உண்டு, உண்மையானதே. இதிலே ஜேர்மனியர் கண்ட ஏற்பாடு கவனிக்கத்தக்கது. முப்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல் பேணப்பட்ட காருக்கு 1997 முதல் இலக்கத் தகட்டின் ஈற்றிலே ‘எச்’ என்னும் எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அத்தகட்டைப் பெற்ற காருக்கு எஞ்சின் எத்துணைப் பெரிதாயினும் ஆண்டு வரி ஏறத்தாழ 192 யூரோதான். புகை கட்டுப்படுத்திய நகர வலயங்களுக்குள்ளும் செல்லலாம். எஞ்சினை அளந்து அளந்து வரி விதித்த நாடு, பழைய காரைக் கண்டதும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டது. இவை தொகையிலே சிலவாகவும், ஆண்டிலே சில நாள் மட்டும் ஓடுவனவாகவும் இருப்பதால் அச்சலுகை பொறுக்கத்தக்கதென்றே எனக்குத் தோன்றுகிறது. நாளாந்தம் ஓட்டத் தொடங்கினால் என் கருத்தும் மாறும்.

அமெரிக்காவிலும் காலம் மாறிவிட்டது. டொட்ஜ் சலஞ்சர், சார்ஜர் ஆகியவற்றின் எட்டுருளைக் கார்களும், செவர்லே கமாரோவும் 2023 டிசெம்பரோடு ஆலையிலே நின்றுபோயின.

இவற்றையெல்லாம் எழுதி என் மாணவருக்கு அனுப்பினேன். விடை விரைவிலே வந்தது. நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வரையில் மின்சாரத்தால் ஓடுபவை என்று அவர் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுத் தச்சரிடமும் அத்தகைய கார் ஒன்று உண்டாம். வேலைக்கு அதிலே ஓசையின்றிப் போய் ஓசையின்றி வருவாராம். கொட்டகையிலே 1969ஆம் ஆண்டின் சார்ஜர் ஒன்று போர்வை மூடிக் கிடக்கிறதாம். பனிக்காகத் தூவிய உப்பை மழை கழுவிப் போன பின், சித்திரை வைகாசியிலே ஒரு ஞாயிறு பார்த்து அதனை வெளியே எடுப்பாராம். “சென்ற முறை காபரேற்றர் அடைத்துக்கொண்டது, சேர். கழற்றிக் கழுவிக் கொடுத்தது நான்தான். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னேன், நம்ப மறுத்துவிட்டார்.”